இரண்டு போல்ட்டுகள் கற்றுத் தந்த பாடம்



கியர் பாக்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது, 'தெளிவான படம் வரைந்து பாகங்களைக் குறிக்க' என்ற வினாதான். இரண்டாம் ஆண்டு வரை எனக்கும் அப்படியே. அந்தப் படத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது. அந்த மதிப்பெண் என் வீட்டுக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பதைத்தான் இந்த மலரில் எழுத விரும்புகிறேன்.

என் அப்பா சிறுமலையில் வாழைத்தாரும் எலுமிச்சையும் வாங்கி, திண்டுக்கல் கமிஷன் கடைகளுக்குக் கொண்டுவந்து போடும் சிறு வியாபாரி. அவருடைய வண்டி 1986-ஆம் வருடத்து புல்லட் 350. சென்னை திருவொற்றியூரில் பிறந்தது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். பிறகு வந்த புல்லட்டுகளில் கியர் இடது காலுக்கு மாறிவிட்டது. பழைய வண்டியில் இருப்பது இங்கிலாந்தின் ஆல்பியன் கம்பெனி வடிவமைத்த நாலு கியர் பெட்டி. முதல் கியருக்கு லீவரை மேலே தூக்க வேண்டும். இரண்டு, மூன்று, நான்குக்குக் கீழே மிதிக்க வேண்டும். கியரைக் குறைக்க வேண்டுமென்றால் மறுபடி மேலே தூக்க வேண்டும். இந்த விவரத்தை மனதில் வையுங்கள். கதையே இதில்தான் இருக்கிறது.

ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "டேய் தம்பி, மலை இறங்குறப்போ மூணுலேருந்து ரெண்டுக்குத் தூக்குனா சில நேரம் கியர் விழ மாட்டேங்குது. வண்டி வெறும்னே ஓடுது. மேலே தூக்கும்போதுதான்டா இப்படி. கீழே மிதிச்சா ஒண்ணும் இல்லை."

நான் பாதி கேட்டேன். 'கியர் விழவில்லை' என்ற இரண்டு சொல் போதும் எனக்கு. பாடத்தில் படித்தது நாக்கு நுனியில் நின்றது. "டாக் தேஞ்சுபோச்சுப்பா. கியர் செட்டை மாத்தணும்" என்றேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். படிக்கிற பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற பார்வை அது.

கையில் பணமில்லை. அம்மா தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அடகு வைத்து வந்த பணத்தில் கியர் செட், பேரிங், புஷ், ஆயில் எல்லாம் வாங்கினேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வாசலில் கோணிச்சாக்கு விரித்து, நானும் என் நண்பனும் பெட்டியைப் பிரித்தோம். கழற்றிய சாமான்களை வரிசையாக வைத்து, வாஷர் ஒன்றுகூட மிஞ்சாமல் பூட்டினோம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே கையால் கியர் மாற்றிப் பார்த்தேன். நாலும் விழுந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்குத் தலை கால் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அப்பா தார் ஏற்றிக்கொண்டு மலை இறங்கினார். சிறுமலைப் பாதையில் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்குத் தூக்கியிருக்கிறார். கியர் இரண்டுக்கும் போகவில்லை, மூன்றிலும் நிற்கவில்லை. நடுவில் நின்றுவிட்டது. இன்ஜின் பிடிப்பு இல்லாமல் லோடு வண்டி இறக்கத்தில் ஓடினால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப் பக்கத்து மண்மேட்டில் கொண்டுபோய் மோதினார். உயிர் தப்பியது. வலது காறை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "வண்டிக்கு என்னடா ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பேகம்பூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். புல்லட் வேலையிலேயே தலை நரைத்தவர். அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டார்.

"எந்தக் கியர்ல தம்பி?"

"மூணுலேருந்து ரெண்டுக்கு, பாய்."

"ஏத்தத்துலயும் கழலுதா, மாத்துறப்போ மட்டுமா?"

"மாத்துறப்போ மட்டும்."

"மிதிக்கும்போதா, தூக்கும்போதா?"

எனக்குச் சுரீர் என்றது. அப்பா அன்று ராத்திரியே இதற்குப் பதில் சொல்லிவிட்டாரே! "தூக்கும்போது மட்டும்தான்" என்றேன்.

பாய் கையால் லீவரைக் கீழே அழுத்தினார். முழுசாகப் போனது. மேலே தூக்கினார். சீக்கிரமே முட்டி நின்றது. லீவர் எவ்வளவு தூரம் போகலாம் என்று எல்லை கட்டுவதற்கு ஒரு தகடு உண்டு. அதைப் பிடித்திருப்பது இரண்டு போல்ட். போல்ட் தளர்ந்து தகடு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. நான் பூட்டும்போது, நகர்ந்த இடத்திலேயே வைத்து நன்றாக இறுக்கியிருக்கிறேன்! மெதுவாகக் கையால் போட்டால் விழும் கியர், ஓட்டத்தில் காலால் தட்டும்போது அரைகுறையாக நின்றுவிடும். மேலும் கீழும் சம தூரம் வரும்படி தகட்டை நகர்த்தி இறுக்கினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

நான் கழற்றிப் போட்ட பழைய கியர்களை மறுநாள் கொண்டுபோய்க் காட்டினேன். டாக் முனைகளை விரலால் தடவச் சொன்னார். விளிம்பு கூராகவே இருந்தது. "தேஞ்சிருந்தா முனை உருண்டுபோயிருக்கும். லோடு இழுக்கும்போதே கழண்டுக்கும். இதுல என்ன குறை தம்பி?" என்றார். என்னிடம் பதில் இல்லை. கூலி கேட்டேன். "டீ சொல்லு" என்றார்.

அன்று முதல் விடுமுறை நாட்களில் அந்தப் பட்டறைக்குப் போகிறேன். அங்கே கற்றதில் சிலவற்றை இளைய மாணவர்களுக்காகச் சொல்கிறேன்.

இன்ஜின் ஓடும்போது கியர் கரகரவென்று முரண்டு பிடிக்கிறதா? இன்ஜினை நிறுத்தி, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே கியர் போட்டுப் பாருங்கள். சுலபமாக விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிளட்சை. வயர் தொய்ந்திருக்கும், அல்லது பிளேட் கோணியிருக்கும். சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் கிடைக்காததற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஒரே ஒரு கியர் மட்டும், லோடு இழுக்கும்போது கழல்கிறதா? அந்தக் கியரின் டாக்கையும், அதைத் தள்ளும் ஃபோர்க்கையும் பாருங்கள். எல்லாக் கியரிலும் தகராறு என்றால் தகடு, ஸ்பிரிங் போன்ற வெளி வேலைகளை முதலில் பாருங்கள்.

பழைய புல்லட்டில் முதல் மூன்று கியரில் சத்தம், நான்கில் அமைதியா? நான்காம் கியரில் சக்தி நேராகப் போய்விடும். கீழ்த் தண்டுக்கு லோடு கிடையாது. ஆகவே கீழ்த் தண்டின் பேரிங், புஷ், பற்கள் பக்கம் தேட வேண்டும்.

ஆயிலை வடித்து வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய வெள்ளிப் பொடி தேய்மானம், பயமில்லை. இரும்புத் துணுக்கு வந்தால் மட்டும் பெட்டியைப் பிரியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வண்டி ஓட்டுகிறவர் சொல்வதை முழுசாகக் கேளுங்கள். அவருக்கு டாக், ஃபோர்க் என்ற பெயர் தெரியாது. ஆனால் தினமும் லீவரில் கால் வைப்பவர் அவர்தான்.

அப்பாவின் எலும்பு கூடும் வரை, விடியற்காலையில் நானே மலை ஏறி லோடு இறக்கிவிட்டு, அப்புறம் கல்லூரிக்கு வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் இரண்டாம் கியருக்குத் தூக்கும்போது வயிறு ஒரு தரம் கலங்கும். அம்மாவின் தோடு போன ஆவணியில்தான் மீண்டது. அப்பா இப்போது மறுபடி வண்டி எடுக்கிறார். தாரைத் தோளில் வைக்க மட்டும் இடது பக்கம் மாற்றிக்கொண்டார்.

போன வாரம் ராத்திரி சாப்பிடும்போது, "டேய், பிரேக் பிடிச்சா ஒரு மாதிரி கீச்சுனு..." என்று ஆரம்பித்தார். நான் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "எப்போப்பா? மெதுவா பிடிச்சாவா, அழுத்திப் பிடிச்சாவா?" என்று கேட்டேன்.

அப்பா சிரித்தார்.

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்