கவர்னர் ஆட்சியும் கரண்டு பில்லும்

தலைப்பைப் பார்த்துட்டு அரசியல்னு ஓடி வந்த மக்களே, மன்னிக்கணும். இது அந்தக் கவர்னர் இல்லை. லினக்ஸ்ல பிராசஸர் எந்த வேகத்துல ஓடணும்னு முடிவு பண்ற சமாச்சாரத்துக்கும் கவர்னர்னுதான் பேரு. போன மாசம் முழுக்க எனக்கு இவரோட மல்லுக்கட்டு.

ஸ்டுட்கார்ட்ல நாங்க மூணு பேர் ஒரே வீடு. கரண்டு பில் மூணு பங்கு. என் ரூம் மூலையில, ஏதோ ஆபீஸ்ல கழிச்சுக்கட்டின ஏழாம் தலைமுறை ஐ5 குட்டிப் பொட்டி ஒண்ணு 24 மணி நேரமும் ஓடுது. ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு உள்ளே நாலு விர்ச்சுவல் மெஷின். ஒண்ணு தீசிஸுக்கு, ஒண்ணு அம்மா ஊர்லேர்ந்து பார்க்கற குடும்ப போட்டோவுக்கு, மீதி ரெண்டு என் விளையாட்டுக்கு. ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது கூட இருக்கற மதுரைக்கார அண்ணன் கேட்டார்: "ஏன்டா தம்பி, அந்தப் பொட்டி தூங்கவே தூங்காதா? அதுக்கும் சேர்த்துத்தான் நாங்க காசு குடுக்கறமா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல என்கிட்ட கணக்கு வேணுமே? ப்ளக்குல சொருகற வாட் மீட்டர் ஒண்ணு வாங்கினேன். 2016-ல ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு வந்தப்போ, ரீடிங் எடுக்கறவர் வர்றதுக்கு முன்னாடியே அட்டையும் கையுமா மீட்டர் முன்னாடி நின்னவர் எங்கப்பா. ரத்தம் அப்படி!

ஒரு வாட் வருஷம் முழுக்க எரிஞ்சா 8.76 யூனிட். எங்க வீட்டு ஒப்பந்தத்துல யூனிட் 35 சென்ட். ஆக ஒரு வாட்டுக்கு வருஷத்துக்கு மூணு யூரோ. பொட்டி சும்மா இருக்கும்போதே மீட்டர் 24 வாட் காட்டுச்சு. 210 யூனிட், 74 யூரோ. சும்மா இருக்கறதுக்கு!

முதல்ல கவர்னரைப் பிடிச்சேன். ப்ராக்ஸ்மாக்ஸ்ல இவர் 'பெர்ஃபார்மன்ஸ்'ங்கற நிலையிலதான் பதவி ஏத்துக்கறார். சர்வர்னா வேகம் முக்கியம், அதுவும் சரிதான். மாத்தறதா இருந்தா ஹோஸ்ட்லதான் மாத்தணும். விர்ச்சுவல் மெஷினுக்குள்ள போய்த் தேடினா அங்கே பொதுவா கவர்னரே இருக்க மாட்டார். நிஜ பிராசஸர் ஹோஸ்ட் கையில இருக்கே.

இன்னொரு குழப்பம் 'பவர்சேவ்'ங்கற பேர்ல. பழைய ஏசிபிஐ டிரைவர்ல பவர்சேவ் போட்டா பிராசஸர் அடிமட்ட வேகத்துலயே நொண்டும். இன்டெல் பிஸ்டேட் டிரைவர்ல அப்படி இல்லை, வேலை வந்தா வேகம் தானா ஏறும், முடிஞ்சா இறங்கும். பேரைப் பார்த்துப் பயந்து இதைத் தொடாதவங்க நிறைய. தைரியமா மாத்தினேன். 24 வாட், 22 ஆச்சு. அவ்ளோதான்.

ஏன்னு யோசிச்சா புரியுது. வேலையே இல்லாதப்போ வேகத்தைக் குறைச்சு என்ன பிரயோஜனம்? பிராசஸர் தூங்கணும். சி-ஸ்டேட்னு சொல்றாங்களே, சி1-ங்கறது கண்ணை மூடிக்கறது மாதிரி, சி6, சி8 எல்லாம் கும்பகர்ணன். பவர்டாப் ஓட்டிப் பார்த்தா நம்ம ஆள் சி3-க்குக் கீழே இறங்கவே இல்லை. பயாஸ்ல முன்னாடி வெச்சிருந்த யாரோ ஆழ்ந்த தூக்கத்தை அடைச்சு வெச்சிருந்தாங்க. திறந்து விட்டதும் 16 வாட்.

அப்புறமும் யாரோ அடிக்கடி தட்டி எழுப்பறாங்க. ஆராய்ஞ்சா, ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினுக்கும் மவுஸ் அம்பு சரியா நகர்றதுக்காக ஒரு போலி யூஎஸ்பி டேப்லெட் மாட்டியிருக்கு. கறுப்புத்திரை லினக்ஸுக்கு மவுஸ் எதுக்கு? நாலுலயும் கழட்டினேன். பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புகளைத் தூங்க விடற ஏஎஸ்பிஎம்மையும் போட்டேன். ஒரே ஒரு கார்டு முழிச்சிருந்தாலும் மொத்த சிப்பும் ஆழமாத் தூங்காது, நம்ம கூட்டுக் குடும்பம் மாதிரி. கடைசியில 13 வாட். வருஷத்துக்கு 114 யூனிட், 40 யூரோ.

ரீபூட் ஆனா கவர்னர் பழைய நாற்காலிக்கே திரும்பிடுவார்ங்கறதால க்ரான்ல ஒரு வரி எழுதி வெச்சாச்சு.

கணக்கை அண்ணன்கிட்ட காட்டி, 40 யூரோவும் என் தலைல போட்டுக்கறேன்னு சொன்னேன். "சரிடா, வெளிப்படையா இருந்தா போதும்"னார். அப்புறம் அவரோட போட்டோவையும் அதுலயே போட இடம் கேட்டார். இதுக்கு எத்தனை சென்ட்னு இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது :)

ஒரே ஒரு சிக்கல் பாக்கி. என் தீசிஸ் மைக்ரோ செகண்ட் கணக்குல தாமதம் அளக்கற வேலை. ஆழ்ந்த தூக்கத்துலேர்ந்து எழுந்திருக்கவே பிராசஸருக்கு நூறு மைக்ரோ செகண்டுக்கு மேல ஆகலாம். அது என் அளவுல போய் உட்கார்ந்தா கைடு கிழிச்சுடுவார். அதனால அளவெடுக்கற ராத்திரி மட்டும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். கவர்னரைப் பெர்ஃபார்மன்ஸுக்கு மாத்தி, சிபியூ டிஎம்ஏ லேட்டன்சிங்கற ஃபைலைத் திறந்து பூஜ்யம் எழுதிப் பிடிச்சுக்கும். அது திறந்திருக்கற வரைக்கும் யாரும் தூங்க முடியாது. அளவெடுத்து முடிஞ்சதும் ஃபைலை மூடி, கவர்னரையும் பவர்சேவுக்கே அனுப்பிடும். இந்த வாரம் மூணு ராத்திரி ஓட்டியாச்சு, இன்னும் ரெண்டு இருக்கு.