பார்த்துக் கொடுங்கள்

கூலி பேசுதல் நமக்குக் கைவராத ஒரு கலை. சந்தையில் கத்தரிக்காய்க்கு ஐம்பது காசு குறைத்துக் கேட்க நாம் தயங்குவதில்லை. ஆனால், அறிந்தவர் ஒருவரை ஒரு வேலைக்கு அழைக்கும்போது, "உங்களுக்கு எவ்வளவு வேண்டும்?" என்று கேட்க நா எழுவதில்லை. அரிதாக எழுந்து கேட்டுவிட்டாலும், "பார்த்துக் கொடுங்கள்" என்னும் விடைதான் வருகிறது. அவ்விடையைப் பெருந்தன்மையின் அடையாளம் என்று எண்ணி நெடுங்காலம் மகிழ்ந்து வந்தவன் நான். அவ்வெண்ணத்தை மாற்றிக்கொள்ள எங்கள் வீட்டு நாய் காரணமாயிற்று.

அதன் பெயர் மணி. வயது பதினொன்று. இன்ன இனம் என்று சொல்லிக்கொள்ளும் பெருமை அதற்கில்லை. இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் மகள், வேலியோரம் மழையில் நடுங்கிக் கிடந்த குட்டியைப் புத்தகப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவ்வளவே அதன் வரலாறு. நகராண்மைக் கழகத்தில் ஆண்டுதோறும் உரிமம் எடுத்து முறையாக வளர்த்து வருகிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அதற்கு வலிப்பு நோய் கண்டது. அன்று முதல் பன்னிரண்டு மணி நேரத்திற்கு ஒரு மாத்திரை. ஒரு வேளை தவறினாலும் வலிப்பு மீளக்கூடும் என்பது கால்நடை மருத்துவரின் எச்சரிக்கை. போதாக்குறைக்கு, இடி என்றால் அதற்குப் பேரச்சம். சுங்கைப் பட்டாணியில் வாழும் எங்களுக்கோ மாலை இடிக்குப் பஞ்சமில்லை.

மணியைக் கொண்டுவந்த மகள் இன்று ஆசிரியையாகிச் சபா மாநிலத்தில் பணிபுரிகிறாள். சென்ற ஆண்டு அவள் தலைப்பிள்ளை பெறும் காலம் வந்தது. தாய்வீடு வர இயலாத உடல்நிலை. ஆகவே, பள்ளி விடுமுறையில் பத்து நாள் நானும் என் துணைவியாரும் கோத்தா கினபாலுவுக்குச் செல்வதென முடிவாயிற்று. மணியை என் செய்வது?

வளர்ப்பு விலங்குகளுக்கான விடுதி ஒன்றை அணுகினேன். ஓர் இரவுக்கு 40 வெள்ளி என்றார்கள். கூண்டு தூய்மையாகத்தான் இருந்தது. எனினும், இரவு ஒன்பது மணிக்கு மேல் அங்கே ஆள் இருப்பதில்லை என்று அறிந்ததும் திரும்பிவிட்டேன். நள்ளிரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்? வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

அப்போது என் பழைய மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். ஆறாம் ஆண்டில் என்னிடம் தமிழ் கற்றவன்; ஆறாம் படிவம் முடித்து, ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தான். மணிக்கும் அவனை நன்கு தெரியும். அழைத்துச் செய்தியைச் சொன்னேன். உடனே இசைந்தான்.

"எவ்வளவு தரட்டும், தம்பி?" என்று கேட்டேன்.

"ஐயா பார்த்துக் கொடுங்கள். கொடுக்காவிட்டாலும் குறையில்லை. உங்கள் வீட்டு வேலை என் வீட்டு வேலைதானே!" என்றான்.

என் நெஞ்சு குளிர்ந்தது. நல்ல மாணவனை உருவாக்கியிருக்கிறோம் என்று எனக்கு நானே பாராட்டுக் கூறிக்கொண்டேன்.

வீட்டில் தொகையைப் பற்றிப் பேச்சு எழுந்தது. "200 வெள்ளியும் ஒரு நல்ல சட்டையும் கொடுப்போம். சாப்பாடு நம்முடையது. குளிர்சாதன அறையில் தூங்கப் போகிறான். நாய்க்குச் சோறு வைப்பது என்ன மலையைப் புரட்டும் வேலையா?" என்றார் என் துணைவியார். தலைமையாசிரியராக இருக்கும் நண்பர் ஒருவரைக் கேட்டேன். அவர் நகைத்தார். "தூங்குவதற்கும் சம்பளமா? நாம் வாத்தியார் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்த காலத்தில் நமக்கு யார் கொடுத்தார்கள்?" என்றார். இருவர் சொல்லையும் சீர்தூக்கி, 300 வெள்ளி என்று மனத்துள் முடிவு செய்தேன். அந்நேரத்தில் என்னை ஒரு வள்ளலாகவே கருதிக்கொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டு நாள் கழித்து, சாலையோர உணவுக்கடை ஒன்றில் தேநீர் அருந்த அமர்ந்தேன். கடைக்காரர் என்னைக் கண்டதும், "சார், நம்ம பையன் பத்து நாள் விடுப்புக் கேட்டிருக்கிறான். உங்கள் வீட்டில் தங்கப் போகிறானாமே!" என்றார். அவன் அந்தக் கடையில் மாலை முதல் நள்ளிரவு வரை வேலை செய்கிறான் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். ஓர் இரவுக்கு 50 வெள்ளி கொடுக்கிறாராம்.

தேநீர் கசந்தது. பத்து இரவுக்கு 500 வெள்ளி. அதை விட்டுவிட்டு என் வீட்டுக்கு வருகிறான். நான் 300 வெள்ளியை உறையிலிட்டுக் கொடுத்து, தோளைத் தட்டி வாழ்த்தியிருப்பேன். அவனும் இரு கைகளால் வாங்கி வணங்கியிருப்பான். அவனுக்கு நேர்ந்த 200 வெள்ளி இழப்பு என் காதுக்கு ஒரு நாளும் எட்டியிராது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நான் பிறந்த தோட்டம் நினைவுக்கு வந்தது.

1979ஆம் ஆண்டு, எனக்கு ஒன்பது வயது. அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. அம்மா தோட்ட நிருவாகியின் பங்களாவில் வீட்டு வேலை செய்தார். வெள்ளையர் காலம் போய்விட்டது. எனினும், 'துரை' என்னும் பெயர் மட்டும் அப்பதவியை விட்டுப் போகவில்லை. துரைக்கு இரண்டு பெரிய நாய்கள் இருந்தன. ஒருமுறை அவர் குடும்பத்தோடு இரண்டு வாரம் வெளியூர் சென்றார். நாய்கள் தனித்திருக்கக் கூடாதென்று, அம்மா இரவும் பங்களாவின் பின்கட்டிலேயே தங்க வேண்டியதாயிற்று. எவ்வளவு கிடைக்கும் என்று அம்மா கேட்கவில்லை. "துரை பார்த்துக் கொடுப்பார்" என்றார் கிராணி.

பதினான்கு இரவுகள். என் தங்கைக்கு மூன்று வயது. அம்மாவைக் காணாமல் இரவெல்லாம் அழுவாள். அப்பா விடியுமுன் பிரட்டுக்குச் சென்றுவிடுவார். நான் தேநீர் கலந்து கொடுத்து, அவளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடுவேன். துரை திரும்பி வந்தார். ஒரு பெரிய தகர டப்பா நிறைய பிஸ்கட்டு கொடுத்தார். நாங்கள் லயமே பார்க்கப் பெருமையோடு தின்றோம். அம்மா ஒன்றைக்கூட எடுக்கவில்லை. மாத முடிவில் வந்த சம்பளத்தில் அந்தப் பதினான்கு இரவுகளுக்கு ஒரு காசும் சேர்ந்திருக்கவில்லை. டப்பா மட்டும் பல ஆண்டுகள் எங்கள் வீட்டில் அரிசி வைக்கப் பயன்பட்டது.

இன்று எண்ணிப் பார்க்கிறேன். அந்தத் துரை கொடியவர் அல்லர். அவரும் பார்த்துத்தான் கொடுத்தார். அம்மா தம் நாய்களோடு இருந்ததை அவர் பார்த்தார்; எங்களோடு இல்லாதிருந்ததைப் பார்க்கவில்லை. நானும் அதே இடத்தில் அல்லவா அமர்ந்திருக்கிறேன்!

எழுந்து விளக்கைப் போட்டேன். ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தைக் குறித்துப் பாடக்குறிப்பு எழுத வேண்டும் என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். அம்முறையிலேயே தொடங்கினேன். காலையில் மாத்திரை, உணவு, நடை, முற்றத்தைக் கழுவுதல்: ஒன்றரை மணி. நண்பகலில் அரை மணி. மாலையில் மீண்டும் மாத்திரை, உணவு, நடை: ஒன்றரை மணி. செடிகளுக்கு நீர், கதவு, பூட்டு, விளக்கு: அரை மணி. ஆக நாளுக்கு நான்கு மணி நேரம்.

இதற்கு விலை என்ன? நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2013 சனவரியில் நடப்புக்கு வந்தபோது, தீபகற்பத்தில் மாதத்திற்கு 900 வெள்ளி. 2025 பிப்ரவரியில் அது 1,700 வெள்ளியாக உயர்ந்தது. மணிக்கணக்கில் 8 வெள்ளி 17 காசு. வீட்டுப் பணியாளரை அவ்வாணை உட்படுத்துவதில்லை. சட்டம் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மையே. ஆனால், சட்டம் கேட்காத இடத்தில்தானே மனச்சான்று கேட்க வேண்டும்? நான்கு மணிக்கு 32 வெள்ளி 68 காசு. 33 வெள்ளி என்று எழுதினேன்.

எஞ்சியது இரவு. நண்பர் கேட்ட வினா இதுதான்: தூங்குவதற்குச் சம்பளமா? தூக்கத்திற்கு அன்று, வேறிடம் போக இயலாமைக்கு. ஓர் ஓசை கேட்டால் எழ வேண்டும் என்னும் நினைவோடு படுப்பவன் தன் வீட்டில் படுப்பவனைப் போலத் தூங்குவதில்லை. ஆளில்லாத கூண்டுக்கு இரவொன்றுக்கு 40 வெள்ளி கேட்கிறார்கள். விழிப்போடு படுத்திருக்கும் ஒரு மனிதனின் இரவு அதனினும் தாழ்ந்ததாகுமா? 33ம் 40ம் 73. முழுமையாக்கி 75 வெள்ளி. பத்து நாளுக்கு 750. கடையில் அவன் இழக்கும் 500 வெள்ளியையும் அது ஈடு செய்துவிடும். உணவையும் இருப்பிடத்தையும் கணக்கிற் கழிக்கவில்லை. அவன் அங்கே உண்பதும் உறங்குவதும் நம் பொருட்டே அல்லவா?

கணக்கை முடித்தபின் ஒரு சொல்லைப் பற்றியும் எண்ணினேன். 'கூலி' என்றால் நமக்குக் கூசுகிறது. 'அன்பளிப்பு' என்கிறோம், 'சன்மானம்' என்கிறோம். நம் முன்னோரை அச்சொல்லாலேயே ஏளனமாக அழைத்த வரலாறு அக்கூச்சத்திற்குக் காரணமாகலாம். ஆயினும், வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், முயன்று உழைத்த உடம்புக்குக் கிடைக்கும் பயனைக் குறிக்க அச்சொல்லையே மதிப்போடு ஆண்டிருக்கிறார். கூலி கொடுப்பவன் கடனைத் தீர்க்கிறான். அன்பளிப்புக் கொடுப்பவனோ பிறரை நன்றிக்கடன் பட வைக்கிறான். நாலடியார், யானை போன்றவரின் நட்பை விட்டு நாய் போன்றவரின் நட்பைக் கொள்ளச் சொல்கிறது. தன்மேல் வேலை எறிந்தவனிடத்தும் நாய் வாலைக் குழைக்கும் என்பது அதற்குக் காரணம். அது நாய்க்குப் பெருமை. ஆனால், இழப்பிலும் வாலைக் குழைக்கும் அப்பண்பை மனிதரிடம் நாம் எதிர்பார்ப்பது முறையன்று.

மறுநாள் அவனை அழைத்துத் தாளைக் கையில் கொடுத்தேன். படித்தவன் முகம் சிவந்தான்.

"இவ்வளவு வேண்டாம், ஐயா. உங்களிடம் காசு வாங்கக் கூடாதென்று அம்மா சொல்லியனுப்பினார்."

"தம்பி, இது நான் தரும் பரிசு என்றால் நீ மறுக்கலாம். இது உன் வேலையின் விலை. கணக்கில் பிழையிருந்தால் சொல், திருத்துகிறேன்."

அவன் மீண்டும் தாளைப் பார்த்தான். நெடுநேரம் கழித்து மெல்லிய குரலில், "மருந்து தவறி ஏதேனும் நேர்ந்துவிட்டால் என்ன செய்வது, ஐயா? மருத்துவச் செலவு யாருடையது?" என்று கேட்டான். நான் வியந்தேன். 'பார்த்துக் கொடுங்கள்' என்று சொன்ன நாளில் அவன் வாயில் இந்த வினா எழவில்லை. விலை வெளிப்படையானதும் பொறுப்பும் வெளிப்படையாயிற்று. மருத்துவரின் தொலைபேசி எண்ணையும், செலவு என்னுடையதே என்பதையும் தாளில் சேர்த்தேன். பாதித் தொகையை முன்னதாகவே கொடுத்தேன்.

பேரனைக் கண்டு மகிழ்ந்து பத்தாம் நாள் திரும்பினோம். மணி ஓடி வந்து எங்களை நக்கிவிட்டு, மறுபடியும் அவன் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மேசைமேல் ஒரு பயிற்சிப் புத்தகம் இருந்தது. ஒவ்வொரு நாளும் மாத்திரை கொடுத்த நேரத்தைக் குறித்திருந்தான். ஆறாம் நாள் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தான்: "இரவு பலத்த மலை. இடி. மணி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. நானும் தரையில் பக்கத்திலேயே படுத்தேன். மூன்று மணிக்குத் தூங்கியது." மழை 'மலை'யாகியிருந்தது. கை தானாகவே சிவப்புப் பேனாவைத் தேடியது. பின்பு வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

ஆசிரிய நண்பர்களே, இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பள்ளியில் விளையாட்டுப் போட்டி நாளன்று நிழற்படம் எடுப்பவன் யார்? சுவருக்குச் சாயம் பூசுபவன் யார்? பழைய மாணவன்தான். 'நம் பள்ளிதானே' என்கிறோம். அவன் ஒரு நாள் கூலியை இழந்து வருகிறானா என்று நாம் கேட்பதில்லை. தொண்டு உயர்ந்தது, ஆனால், அதை அவனே மனமுவந்து முன்வந்து தர வேண்டும். மறுக்க இயலாத இடத்திலிருந்து நாம் கேட்டுப் பெறுவது தொண்டாகாது. இவ்வாண்டு முதல், இத்தகைய வேலைக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒரு தொகையை முன்னரே ஒதுக்கிவிட்டுத்தான் ஆளை அழைக்கிறேன். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவனுடையது. கேட்காமல் விடும் உரிமை எனக்கில்லை.

தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவைச் சென்ற மாதம் பார்க்கச் சென்றேன். எண்பது வயதாகிவிட்டது. பேரக்குழந்தையின் படத்தைக் காட்டிவிட்டு, நாயைப் பார்த்துக்கொண்ட பையனின் கதையையும் சொன்னேன். அம்மா குறுக்கிடாமல் கேட்டார்.

"எவ்வளவென்று முன்னாலேயே சொல்லிவிட்டாயா, ஐயா?" என்றார்.

"சொல்லிவிட்டேன், அம்மா."

தலையசைத்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "துரை வீட்டில் படுத்த அந்தப் பதினாலு ராத்திரியும், எவ்வளவு வரும், எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேதான் படுத்திருந்தேன்" என்றார்.