கூத்துப் படங்களுக்கு ஒரு கார்டு

ஜூன் 7, 2025, சனி

வந்தவாசிப் பக்கம் எடுத்த பதினெட்டாம் போர்க் கூத்துப் படங்கள் இன்னும் முடிந்தபாடில்லை. எல்லாமே விடிய விடிய எடுத்தவை. ஐஎஸ்ஓ 6400, சிலவற்றில் 12800. துரியோதனன் முகத்து அரிதாரத்தில் நாய்ஸ் மணலாக இறைந்து கிடக்கிறது. படங்களைத் திருத்த நான் பயன்படுத்தும் டார்க்டேபிள் மென்பொருளில் அதை நீக்கும் மாட்யூலைப் போட்டதும் ப்ராசஸரின் எல்லாக் கோர்களும் முட்டி நிற்கின்றன. அதன்மேல் ‘டிஃப்யூஸ் ஆர் ஷார்ப்பன்’ வைத்தால், ஸ்லைடரை நகர்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இந்தக் கணக்குச் சுமையை ஏற்க ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். டிரைவர் கட்டற்றதாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இதில் பாதி கொள்கை, பாதி கணக்கு. லினக்ஸ் கெர்னல் மாறும்போதெல்லாம் மூடிய டிரைவரை மறுபடி பொருத்தியாக வேண்டும். கார்டுக்கு வயதாகிவிட்டால் தயாரிப்பாளர் புதிய பதிப்புகளில் அதைக் கைவிட்டுவிடுவார். அப்புறம் புதுக் கெர்னலா, பழைய கார்டா என்ற பஞ்சாயத்து வரும். மூலநிரல் திறந்திருந்தால் யாராவது ஒருவர் தூக்கிச் சுமப்பார். 2002இல் வந்த ரேடியான் 9700 குடும்பத்துக்கான டிரைவரை மெசா என்ற கட்டற்ற டிரைவர் தொகுப்பில் இன்றும் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் கம்பெனி அதைச் செய்யும்?



ஜூன் 9, திங்கள்

‘திறந்த டிரைவர்’ என்று ஒரே பேச்சாகப் பேசுவதில்தான் குழப்பமே. அடியில் ஃபர்ம்வேர், அதன்மேல் கெர்னல் டிரைவர், அதற்கும் மேல் ஓபன்ஜிஎல், வல்கன் போன்றவற்றைத் தரும் மெசா. எனக்கு வேண்டியதோ இன்னொரு மூலையில் இருக்கிறது: ஓபன்சிஎல். டார்க்டேபிள் கார்டில் கணக்குப் போடுவது அதன் வழியாகத்தான். திரையில் படம் காட்டும் வேலையைத் திறந்த டிரைவர்கள் எப்போதோ நன்றாகச் செய்ய ஆரம்பித்துவிட்டன. வீடியோ கேம் ஆடுகிறவர்கள் உந்தித் தள்ளியதில் வல்கனும் பிரமாதமாக வளர்ந்தது. புகைப்படக்காரனின் ஓபன்சிஎல்தான் வெகுநாள் கேட்பாரற்றுக் கிடந்தது. மெசாவில் முதலில் இருந்த க்ளோவர், டார்க்டேபிளுக்குத் தேவையான பட ஆதரவைத் தரவில்லை. 2022இல் ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ரஸ்டிக்கிள் மெசாவில் சேர்ந்த பிறகுதான் வழி பிறந்தது.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி “லினக்ஸில் ஓடுமா?” அல்ல. “இதன் ஓபன்சிஎல் யார் கையில்?” என்பதுதான். அதற்குக் கடைக்காரரிடம் பதில் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஜூன் 11, புதன்

என்விடியா என்றதும் 2012இல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் விரலைக் காட்டிய கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியம் 2022. அந்த மே மாதம் டியூரிங் தலைமுறை முதலான கார்டுகளுக்குக் கெர்னல் பகுதியைத் திறந்துவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் கார்டில் கணக்குப் போட என்விடியா தரும் ‘கூடா’வும் ஓபன்சிஎல்லும் அதற்கு மேலே, இன்னும் பூட்டிய அறைக்குள். வெளியாட்கள் தாங்களாகவே கண்டுபிடித்து எழுதிய நூவோ டிரைவரோ, கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் வந்தபின் பல தலைமுறைக் கார்டுகளை முழு வேகத்தில் ஓட்ட முடியாமல் திணறியது. விட்டுவிட்டேன்.

மனசு போனது இன்டெல் ஆர்க் மேல். கெர்னல், மெசா, ஓபன்சிஎல் எல்லாமே திறந்தவை. ஓபன்சிஎல்லை இன்டெல்லே பராமரிக்கிறது. பி580இல் 12 ஜிபி நினைவகம் வேறு. ஆனால் ஆர்க் சரியாக ஓட மதர்போர்டில் ‘ரீசைசபிள் பார்’ வேண்டும். என் பழைய போர்டில் அது இல்லை. போர்டை மாற்றினால் ப்ராசஸர், ராம் எல்லாம் மாறும். இந்த வருஷம் அதற்கு வழியில்லை.

மிஞ்சியது ஏஎம்டி. கெர்னலுக்குள்ளேயே இருக்கும் ஏஎம்டிஜிபியு டிரைவர், மேலே மெசா. ஏஎம்டியின் சொந்த ராக்எம் தொகுப்பும் திறந்ததுதான், ஆனால் அதன் அதிகாரபூர்வப் பட்டியலில் சாதாரணக் கார்டுகள் குறைவு. எனக்கு ரஸ்டிக்கிள் போதும். ஃபர்ம்வேர் இங்கேயும் மூடியதுதான். அதைத் தவிர்க்க நினைத்தால் இன்று புதுக் கார்டே வாங்க முடியாது. கட்டற்ற கொள்கையில் கறாரான டெபியனே 2022இல் வாக்கெடுப்பு நடத்தி ஃபர்ம்வேரை நிறுவியில் சேர்த்துக்கொண்டது.

நினைவகம் எவ்வளவு? 24 மெகாபிக்சல் படம். டார்க்டேபிள் ஒவ்வொரு பிக்சலையும் நான்கு சேனலாக, சேனலுக்கு 4 பைட்டாக வைத்துக்கொள்கிறது. 384 எம்பி. உள்ளே வருவது ஒன்று, வெளியே போவது ஒன்று என்றாலே 768. நாய்ஸ் நீக்கத்துக்கு இடையில் இன்னும் பல பிரதிகள் வேண்டும். இடம் போதாவிட்டால் படத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் செய்யும், வேகம் அடிபடும். 4 ஜிபி கார்டு மலிவுதான், வேண்டாம். 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600. 132 வாட், ஒரே ஒரு 8 பின் இணைப்பு. என் எஸ்எம்பிஎஸ் தாங்கும்.

ஜூன் 14, சனி

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். வெயிலும் ஹாரனும்.

“கேமிங்கா சார், எடிட்டிங்கா?”

“எடிட்டிங். போட்டோ.”

“அப்போ என்விடியா எடுத்துக்குங்க சார். எடிட்டிங்குக்கு எல்லாரும் அதான் வாங்கறாங்க.”

அவர் சொல்வதில் தப்பில்லை. அவரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் விண்டோஸ்காரர்கள், அடோபிக்காரர்கள். லினக்ஸ் என்றதும் சிரித்தார். “நம்ம பையன்கிட்ட பேசுங்க சார், அவனுக்குத் தெரியும்.” பையனுக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது. என் பென் டிரைவை டெஸ்ட் பெஞ்சில் சொருகி லினக்ஸைக் கிளப்பினான். அதில் இருந்த பதிப்பில் ரஸ்டிக்கிள் தானாக விழிக்காது, சூழல் மாறியில் ரேடியான் டிரைவரின் பெயரைக் கொடுத்தால்தான் கார்டைக் காட்டும். கொடுத்தேன். டார்க்டேபிள் சிஎல்டெஸ்ட்டை ஓட்டியதும் கார்டின் பெயர் வந்தது. “இதுக்கு டிரைவர் சிடியே வேணாமாண்ணே?” என்றான் பையன். பில் போடச் சொன்னேன்.

கூடவே ஒரு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள். ஏஎம்டி எழுதிய எச்டிஎம்ஐ 2.1 திறந்த நிரலை எச்டிஎம்ஐ ஃபோரம் 2024இல் மறுத்துவிட்டது. அதனால் லினக்ஸில் ஏஎம்டியின் திறந்த டிரைவருக்குப் பழைய 2.0தான். 4கே திரையில் 60 ஹெர்ட்ஸில் 10 பிட் ஆர்ஜிபி அதில் அடங்காது. கார்டு, டிரைவர் எல்லாம் திறந்திருக்க, கேபிள் முனையில் ஒரு பூட்டு. டிஸ்ப்ளேபோர்ட்டில் இந்த வம்பு இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

கார்டைப் பொருத்தினேன். தனியாக எதையும் நிறுவவில்லை. டார்க்டேபிள் அமைப்புகளில் ஓபன்சிஎல்லை இயக்கி, வள ஒதுக்கீட்டை ‘லார்ஜ்’ ஆக்கினேன். ஸ்லைடரை இழுத்தால் படம் கூடவே வருகிறது.

வேகத்தைவிட எனக்கு வேறு சந்தேகம்: ப்ராசஸர் போட்ட கணக்கும் கார்டு போட்ட கணக்கும் ஒன்றுதானா? ஒரே படத்தை ஓபன்சிஎல்லோடு ஒருமுறை, அதை அணைத்துவிட்டு ஒருமுறை ஏற்றுமதி செய்து, இரண்டையும் கிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ‘டிஃபரன்ஸ்’ போட்டேன். கறுப்பு. லெவல்ஸை ஓரம்வரை தள்ளியபோது கிரீடத்து ஜிகினாவைச் சுற்றிச் சில புள்ளிகள் எழுந்தன. தசம இலக்கங்களை முழுதாக்கும்போது இரண்டு இடத்திலும் கடைசி இலக்கம் கொஞ்சம் வேறுபடும், அதுதான். அச்சில் யாருக்கும் தெரியாது. மீதிப் படங்களை மொத்தமாக வரிசையில் போட்டுவிட்டேன்.