பெல்லன்விலப் பறவைகள்

வெள்ளவத்தைக்குத் தென்கிழக்கே சில மைல் தொலைவில், பொல்கொட ஆற்றின் வெள்ளச் சமவெளியில் உள்ளது பெல்லன்வில–அத்திட்டியச் சரணாலயம். ஏறத்தாழ 372 ஹெக்டேயர் பரப்புள்ள இச்சதுப்பு நிலம் 1990ஆம் ஆண்டு சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

மாணவர் சிலருடன் விடியற்காலையிலே நாம் அங்குச் சென்றோம். நாணற் புதரோரம் நீலத் தாழைக்கோழியொன்று இரை தேடிற்று. நத்தைகுத்தி நாரை சேற்றில் அலகைப் புதைத்து நின்றது. தாமரைக்கோழியோ நீண்ட விரல்களை ஊன்றி, மிதக்கும் இலைகள்மீது தரையில் நடப்பது போல் நடந்தது. மாரிக்காலத்தில் வடதேசத்துப் பறவைகளும் இங்கு வந்து தங்கும்.

பறவைகளுக்கு உணவளிக்கும் இச்சதுப்பே பெருமழை வெள்ளத்தையும் ஏந்திக்கொள்கிறது. இதனை மண்ணிட்டு நிரப்பினால், அந்நீர் நம் வீட்டு முற்றத்தையே நாடி வரும். 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்னும் சிறப்புக் கிட்டியது. பறவைக்கு இடம் விடும் நகரமே வெள்ளத்துக்குத் தப்பும் என்பதை நம் பிள்ளைகள் நேரிற் கண்டு அறிதல் நன்று.