நற்செய்தியும் லயத்து வாசலும்

நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாத மலைக்குப் படியேறுவோரிடம் யாரும் மதம் கேட்பதில்லை. உச்சியிலுள்ள பாதத்தடம் பௌத்தருக்குப் புத்தருடையது, சைவருக்குச் சிவனுடையது, இஸ்லாமியருக்கு ஆதமுடையது. போர்த்துக்கேயர் வந்தபின் புனித தோமையாரும் அந்த வரிசையில் சேர்ந்தார். சற்றுப் பிந்தித்தான்.

மலையகத் தோட்டங்களுக்குக் கிறிஸ்தவம் வந்த வழி வேறு. 1854 இல் அங்கிலிக்கன் திருச்சபையின் சி.எம்.எஸ். சங்கம் கண்டியைத் தளமாகக் கொண்டு 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற ஊழியத்தைத் தொடங்கிற்று. பெயரே பலவற்றைச் சொல்லிவிடுகிறது. அப்போது தேயிலை இல்லை, கோப்பிக் காலம். துரைமார் பணம் கொடுத்தார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். அவர்களின் பக்தியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் துரையின் நிலத்தில், துரையின் அனுமதியோடு சொல்லப்படும் நற்செய்தியை, எழுந்து போக முடியாத ஒருவன் எந்த மனத்தோடு கேட்டிருப்பான்? கிறிஸ்தவனாகிய எனக்கு இந்தக் கேள்வி இன்றும் உறுத்துகிறது.

2004 இல் ஜாதிக ஹெல உறுமய கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று நாட்டின் உயர் நீதிமன்றம் கூறியது, அது சட்டமாகவில்லை. நல்லதே. ஒருவர் மனம் மாறுவதைப் பொலிஸ் விசாரிக்கக்கூடாது. ஆயினும், கடனிலும் நோயிலும் கிடக்கும் லயத்து வீட்டுக்கு ஜெபமும் அரிசிப் பொட்டலமும் ஒன்றாகப் போவதை நாமே விசாரிக்க வேண்டாமா?

இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972 இல் கண்டியில் 'சத்யோதய' நிலையத்தை ஆரம்பித்தார். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்த மலையகத் தமிழருக்காக, 2017 இல் மறையும்வரை எழுதினார், பேசினார். அவர் சேர்த்த ஆன்மாக்களின் கணக்கை யாரும் கேட்டதில்லை.

2011 இல் வத்திக்கானும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உலக சுவிசேஷக் கூட்டணியும் கூட்டாக ஓர் ஆவணம் வெளியிட்டன. சேவையில் பண ஆசை காட்டுதல் கூடாது, மதம் மாற விரும்புபவருக்குச் சிந்திக்கப் போதிய காலம் வேண்டும் என்கிறது அது.

இதை அறிமுகமான ஒரு போதகரிடம் சொன்னேன். அரிசி கொண்டுபோகும் நாளில் வேதாகமத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமே என்றேன்.

"அப்படியானால் வசனத்தை எப்போது சொல்வது, ஐயா?"

"அவர்கள் கேட்கும்போது."

அவர் சம்மதிக்கவில்லை.