‘காக்கலாம்’ என்ற சொல்

தொண்டை நோ, காதுக் குத்து, ஆறாத புண் என்று ஏதோ ஒன்றுக்காக அன்டிபயோட்டிக் மருந்தை நாம் எல்லோரும் ஒருமுறையாவது விழுங்கியிருப்போம். பற்றீரியாவை அழிப்பதே அதன் வேலை. அந்த வகை மருந்தொன்று நரம்புக்கலங்களையும் காக்கலாம் என்பதை எனக்கு அறியத் தந்தது உயர்தர உயிரியல் பாடமல்ல, என் மாமியின் கேள்விதான்.

என் மாமா ஒரு தையற்காரர். முதலில் அவரால் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனது. பிறகு கத்தரிக்கோல் கையில் நிற்கவில்லை. இயக்க நரம்புக்கல நோய் என்றார்கள் வைத்தியர்கள். மூளையிலும் முண்ணாணிலும் இருந்து தசைகளை இயக்கும் நரம்புக்கலங்கள் சிறிது சிறிதாக அழிந்துபோகும் நோய் அது. விஞ்ஞானி ஸ்டீபன் ஹோக்கிங்கைச் சக்கர நாற்காலியில் இருத்தியதும் இதுதான்.

“மகள், நீங்க சயன்ஸ் படிக்கிறீங்க. ஒரு அன்டிபயோட்டிக் ஊசி நரம்பைக் காக்குமாமே? பாத்துச் சொல்லுங்க” என்றார் மாமி. வெளிநாட்டிலிருக்கும் அவரின் தம்பி செய்தி அனுப்பியிருந்தார். நான் தேடிப் படித்தேன். விளங்காததை ஆசிரியையிடம் கேட்டேன்.

நரம்புக்கலங்கள் ஒன்றோடொன்று பேச குளுட்டமேற்று என்ற இரசாயனத்தை வெளிவிடுகின்றன. செய்தி போய்ச் சேர்ந்ததும் அது உடனே அகற்றப்பட வேண்டும். அருகிலுள்ள துணைக்கலங்களின் ஒரு புரதம் அந்த வேலையைச் செய்கிறது. அப்புரதம் குறைந்தால் குளுட்டமேற்று தேங்கிவிடும். அடித்த பாடசாலை மணி நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எப்படியிருக்கும்? அப்படி ஓய்வின்றித் தூண்டப்பட்டே நரம்புக்கலம் மடிந்து போகிறது.

அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ரொத்ஸ்டைன் குழுவினர், ஏற்கெனவே பாவனையிலிருந்த 1,040 மருந்துகளை இதற்காகப் பரிசோதித்தனர். பெனிசிலினும் அடங்கும் பீட்டா-லக்டம் குடும்பத்து மருந்துகள் பல அப்புரதத்தைக் கூட்டுவதைக் கண்டனர். அவற்றுள் செஃப்ட்ரியாக்சோன் ஊசி, இந்நோயுள்ள சுண்டெலிகளில் நரம்புக்கல அழிவைத் தாமதப்படுத்தியது. அவை சில நாட்கள் கூடுதலாகவும் வாழ்ந்தன. 2005 இல் இது வெளியானபோது உலகெங்கும் எத்தனையோ வீடுகளில் நம்பிக்கை பிறந்திருக்கும்.

அடுத்ததாக மனிதர்களில் சோதித்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 513 நோயாளிகள் பங்கேற்றனர். சிலருக்கு உண்மை மருந்து, சிலருக்கு மருந்தில்லாத திரவம். யாருக்கு எது என்பது அவர்களுக்கே தெரியாது. 2014 இல் முடிவு வெளியானது: நோயின் வேகம் குறையவில்லை, ஆயுளும் கூடவில்லை. மருந்து பெற்றவர்களுக்குப் பித்தப்பைக் கோளாறுகள்தான் அதிகம் வந்தன.

மாமியிடம் இதைச் சொல்வது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த 513 பேரும் ஊசி குத்திக்கிட்டதாலதானே நமக்கு இது தெரிய வந்திருக்கு. அவங்களுக்கும் துஆ செய்வோம்” என்றார்.

சகோதரிகளே, ‘காக்கலாம்’ என்ற சொல்லின் இறுதியில் நிற்கும் ‘லாம்’ மிகச் சிறியது. சுண்டெலியிலிருந்து மனிதனுக்கு வரவேண்டிய நீண்ட வழி முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. செய்தி கைமாறும்போது முதலில் தொலைந்து போவதும் அதுதான். ‘காக்கலாம்’ என்பது ‘காக்கும்’ என்றாகி, நோயாளி உள்ள வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது. அதை நம்பி அன்டிபயோட்டிக்கைத் தேவையின்றிப் பாவித்தால், மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்கள் பெருகும். உண்மையாகவே தேவைப்படும் நாளில் அம்மருந்து கைகொடுக்காமல் போகும்.

அந்தச் சோதனை தோற்றாலும், தேங்கும் குளுட்டமேற்றை அகற்ற வழி தேடும் ஆய்வுகள் நின்றுவிடவில்லை. நம்மில் ஒருத்தி ஒருநாள் அந்த ஆய்வுகூடத்தில் நிற்கக்கூடும். அதுவரை, வீட்டுக்கு வரும் ஒவ்வொரு மருத்துவச் செய்தியிலும் அந்த ‘லாம்’ இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது, விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளான நமது கடமை.