இடம் சொல்லும் கருவி

செய்மதிகளின் சமிக்ஞையால் தன் இருப்பிடத்தைக் கணிக்கும் ஜி.பி.எஸ். கருவி, அதைத் தனக்குள் பூட்டி வைப்பதில்லை. 1983இல் வெளியான என்.எம்.இ.ஏ. 0183 என்ற நியமத்தின்படி நேரம், அகலாங்கு, நெட்டாங்கு ஆகியவற்றை ஒரே வரியில், வழக்கமாக விநாடிக்கொரு முறை சொல்லிக்கொண்டேயிருக்கும். பேசுவது ஒன்று, இணைத்த கருவிகள் பலவும் கேட்கலாம். பதுளை நகரெனில் ஏறத்தாழ வடக்கு 6 பாகை 59 கலை, கிழக்கு 81 பாகை 3 கலை.

செய்தி சேகரிக்கச் சென்ற ஊவாத் தோட்டங்களில் நான் கண்டது வேறு. பல லயங்களில் வீட்டுக்குத் தனி முகவரியில்லை. கடிதம் தோட்டக் காரியாலயம் வழியே வரும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, காணாமற்போனோர் தொகையே நாளுக்கொன்றாக மாறியது.

இன்று கொழுந்து பறிப்பவரின் கைப்பேசியும் தன் இடத்தைச் சொல்லும். அவ்விடத்தை அவர் பெயரோடு சேர்த்தெழுதும் பதிவேடே தேவை.